எலி தண்ணீருக்குள் நின்றபடியே யானையை வெட்டலாமா?

கல்மேசை எழுதியது:

மகளுக்கு அனிமல் செஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். யானை, சிங்கம், புலி, சிறுத்தை, ஓநாய், நாய், பூனை, எலி என ஆளுக்கு 8 காய். நடுவில் இரண்டு ஆறு. எதிராளியின் குகைக்குள் ஒரு காய் நுழைந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. மாமாக் கடையில், அதாவது பேட்டைச் சின்ன மளிகைக் கடையில், பிளாஸ்டிக் பைக்குள் தாள் பலகையோடு தொங்குமே, அதேதான்.

அவள் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. ஆற்றில் நிற்கும் எலி, கரையில் நிற்கும் யானையை அங்கிருந்தே வெட்டலாமா? இல்லை, கரையேறிய பிறகுதான் வெட்டலாமா?

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வெட்டலாம். 80களின் கடைசி, சிங்கப்பூரின் தோ பாயோ. ஆனால் அந்த விதி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால்தான் இடிக்கிறது. பைக்குள் இருந்த விதித்தாள் முழுக்கச் சீனத்தில் இருக்கும். எங்கள் கூட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான்காம் மாடிப் பையன் ஒருவன்தான். வரி மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்கே போட்டிருக்கு பார்" என்பான். என்ன போட்டிருந்தது என்று யார் கண்டது? அவன் எலி ஆற்றில் இருந்தால் ஒரு மாதிரியும் என் எலி ஆற்றில் இருந்தால் வேறு மாதிரியும் அந்தத் தாள் படிக்கப்பட்டது என்றே இன்றுவரை நினைக்கிறேன். நானும் பக்கத்து வீட்டு மலாய்ப் பையனும் சேர்ந்துகொண்டு "அழுகுணி! அழுகுணி!" என்று கத்துவோம். கொஞ்ச நாளில் நான்காம் மாடியானும் அதைக் கற்றுக்கொண்டு என்னைப் பார்த்தே கத்த ஆரம்பித்தான்.

வாய்ட் டெக் (புளோக்கின் திறந்த கீழ்த்தளம்) கல்மேசையில் ஏற்கெனவே சதுரங்கக் கட்டம் பதித்திருக்கும். அதன் மேல் எங்கள் தாளை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் ஐந்து காசு வைப்போம். சிவப்புப் பூனை எப்படியோ தொலைந்துவிட்டது. அன்றிலிருந்து பிரேசில் கொடி போட்ட ரப்பர்தான் பூனை. (கொடி ரப்பரைக் கவிழ்த்து விளையாடியவர்களுக்குத் தெரியும், பிரேசிலைக் கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று.)

சரி, உங்கள் புளோக்கில் என்ன விதி? அப்படியே, நண்பர்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து மூளையைக் கசக்கிய வேறு ஆட்டங்கள் இருந்தாலும் சொல்லுங்கள். பாம்பும் ஏணியும் வேண்டாம், அதில் பகடைதான் விளையாடுகிறது.

ஈசூன் வாசி:

வெட்ட முடியாது. பரவலாக ஆடப்படும் விதிப்படி எலி முதலில் கரையேற வேண்டும், அடுத்த நகர்த்தலில்தான் யானை. அதேபோல் கரையில் நிற்கும் எலி, தண்ணீரில் இருக்கும் எலியை வெட்ட முடியாது. இரண்டும் தண்ணீரில் இருந்தால் வெட்டிக்கொள்ளலாம்.

அப்படி இருந்தால்தான் ஆட்டத்துக்கே சுவை. ஆற்றுக்குள் எலியைத் தவிர யாரும் இறங்க முடியாது இல்லையா? அங்கிருந்தே யானையை வெட்டலாம் என்றால் யானை கரைப் பக்கமே வராது. பலகையின் அகலமே 7 கட்டம்தான், அதில் 4 கட்டம் ஆறு. பாவம், யானை எங்கேதான் போகும்?

மகளுக்கு இதையும் சொல்லிவிடுங்கள்: சிங்கமும் புலியும் ஆற்றைத் தாண்டிக் குதிக்கலாம், ஆனால் குதிக்கும் வழியில் எலி நீந்திக்கொண்டிருந்தால் குதிக்க முடியாது. நான் எலியைப் பாதி ஆட்டம் அப்படியே தண்ணீரில் போட்டுவைப்பேன். அண்ணன் சிங்கத்தைக் கையில் தூக்குவார், எலியைப் பார்ப்பார், திரும்ப வைப்பார். 'தொட்டால் நகர்த்தணும்' என்பேன். அங்கே ஆரம்பிக்கும் சண்டை.

புலி அகலவாக்கில் மட்டும்தான் குதிக்கும் என்று ஆடுபவர்களும் உண்டு. நாய் பெரிதா ஓநாய் பெரிதா என்பதும் பெட்டிக்குப் பெட்டி மாறும்.

சயாம் ராணி:

எங்களுக்கு ரிஸ்க், படையை நகர்த்தி நாடு பிடிக்கும் பலகை ஆட்டம். உயர்நிலை இரண்டில் ஒரு தோழியின் அண்ணனிடம் அந்தப் பெட்டி இருந்தது. பள்ளி விடுமுறையில் அவர்கள் வீட்டு ஹாலில் மதியம் தொடங்கினால், அவள் அம்மா சோறு போடப் பாயை விரிக்கிறேன் என்று சொல்லும்வரை நடக்கும்.

அந்த உலக வரைபடத்தில் 42 நாடு உண்டு, சிங்கப்பூர் கிடையாது. சயாமிலிருந்து இந்தோனேசியாவுக்குக் கடலில் ஒரு கோடு போகும். அந்தக் கோட்டின் மேல்தான் நாம் குடியிருக்கிறோம்! கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேர் தமிழ்ப் பிள்ளைகள், இருவருக்கும் இந்தியாதான் வேண்டும். வாங்கி என்ன பயன்? மத்தியக் கிழக்கு, ஆப்கானிஸ்தான், சீனா, சயாம் என்று நாலு பக்கமும் திறந்த வீடு. ஆசியா முழுக்கப் பிடித்தால் சுற்றுக்கு 7 படை கூடுதல் என்பார்கள். எங்களில் ஒருத்தியும் அந்த ஏழைக் கண்ணால் பார்த்ததில்லை.

கெட்டிக்காரி ஒருத்தி மட்டும் வாயைத் திறக்காமல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுவாள். அங்கே 4 நாடு, சுற்றுக்கு 2 படைதான். ஆனால் உள்ளே வர வாசல் ஒன்றே ஒன்று, சயாம். அங்கே படையைக் குவித்துவிட்டு நகம் கடித்துக்கொண்டிருப்பாள். தாக்குபவருக்கு 3 பகடை, தடுப்பவருக்கு 2. சமமாக விழுந்தால் தடுப்பவருக்கே வெற்றி. அதனால் அவளை நெருங்கப் பயமாக இருக்கும்.

அதே வருடம்தான் வரலாற்றுப் பாடத்தில் 1941 டிசம்பர் வந்தது. ஜப்பானியர் தாய்லாந்துக் கரையிலும் கோத்தா பாருவிலும் இறங்கித் தெற்கே வந்து, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்த கதை. ஆசிரியர் வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக்கொண்டே வர, பின் வரிசையிலிருந்து அந்தக் கெட்டிக்காரி, "சயாமை விட்டால் எல்லாம் போச்சு" என்றாள். ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பழைய குவீன்ஸ்டவுன்:

தம்பி, கல்மேசையைப் பற்றி எழுதியதால் நானும் வந்தேன். பெரியவர்கள் 'டாம்' (செக்கர்ஸ் மாதிரி ஆட்டம்) ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு மேசையிலுள்ள 8க்கு 8 போதாது. 12க்கு 12 கட்டம், ஆளுக்கு 30 காய். ஒரு மலாய்ப் பெரியவர் அட்டைப் பலகையில் கோடு போட்டுக் கொண்டுவருவார். காய் என்பது குளிர்பான மூடி. ஒருவருக்கு நிமிர்த்தி, இன்னொருவருக்குக் கவிழ்த்து. வெட்ட வாய்ப்பிருந்தும் வெட்டாமல் விட்டால் உங்கள் காயையே எடுத்துவிடுவார்கள். கோடியை எட்டிய காய் 'ஹாஜி'. அது மூலைவாட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பாயும்.

சின்னப் பிள்ளைகள் நின்று பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. நான் ஒருமுறை "அங்கிள், அங்கே வெட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். தோற்றவர் அப்பாவிடமே வந்து புகார் கொடுத்தார். அப்பா என்னைத் திட்டிவிட்டு, அவர் போனதும், எந்தக் காய் என்று மெதுவாகக் கேட்டார்.

கல்மேசை:

எல்லாருக்கும் நன்றி. வெட்ட முடியாது என்றே வைத்துக்கொள்கிறேன். புலி இரண்டு பக்கமும் குதிக்கட்டும், அவளுக்குப் புலியைத்தான் பிடித்திருக்கிறது. டாம் பலகையை வார இறுதியில் வரைந்து பார்க்கிறேன், 60 மூடிதான் சேர வேண்டும். ரிஸ்க் இப்போதைக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் மதியம் முழுக்கப் பாயை விரிக்காமல் காத்திருக்க ஆளில்லை.