கெர்டன்: பரிசில் என்றே வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கெர்டன் (guerdon) என்ற பழைய ஆங்கிலச் சொல், ஒருவர் செய்ததை மதித்துக் கொடுக்கும் பரிசைக் குறிப்பது. அதைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்று பேசும் இந்த இழையில் வெகுமதி, கைம்மாறு, எதிர்க்கொடை மூன்றும் வந்துவிட்டன. பாடி வந்த புலவருக்கு வள்ளல் தரும் கொடையைக் குறிக்கும் பரிசில் என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன்.

எதிர்க்கொடையின் நியாயம் புரிகிறது. ஜெர்மனின் பண்டைய வடிவமான பழைய உயர் ஜெர்மனில் விடர்லோன் என்று ஒரு சொல் உண்டு. கெர்டனின் வேர் அதுதான். விடர் என்றால் எதிராக, திரும்ப. லோன் என்றால் கூலி. அது இடைக்கால லத்தீனுக்குப் போனபோது, கூலியின் இடத்தில் கொடையைக் குறிக்கும் தோனும் (donum) என்ற லத்தீன் சொல் வந்து ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் கையில் புழங்கியது. உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பெயர்த்தால் எதிர்க்கொடைதான் கிடைக்கும். ஆனால் படிப்பவர் யாரும் சொல்லை அப்படிப் பிரித்துப் படிப்பதில்லை. கெர்டன் என்றதும் அவர் காதில் விழுவது பழமையும், மதித்துக் கொடுக்கிற தோரணையும். நேற்றுச் செய்த சொல்லில் அந்தப் பழமை வராது. 'எதிர்' என்றாலே இன்று பகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

கைம்மாறு நல்ல சொல். ஆனால் அது உதவி பெற்றவர் திருப்பிச் செய்வது. மாரிக்கு உலகம் என்ன செய்துவிட முடியும் என்று குறள் கேட்பதும் அந்தப் பொருளில்தான். கெர்டனில் கொடுப்பவர் கை மேலே இருக்கிறது.

பரிசிலில் என்ன இருக்கிறது என்பதற்குப் புறநானூறு 208 போதும். அதியமான் நேரில் பாராமலேயே பொருள் அனுப்பியபோது சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் வாங்க மறுக்கிறார். 'வாணிகப் பரிசிலன் அல்லேன்', அதாவது பரிசிலை வியாபாரமாகச் செய்பவன் நான் அல்ல என்கிறார். தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவே ஆனாலும் இனிது என்கிறார். கூலிக்கும் பரிசிலுக்கும் உள்ள தூரம் முழுவதும் அந்த மறுப்பில் இருக்கிறது. புகழைக் கவிஞனின் கெர்டன் என்று ஆங்கிலக் கவிஞர் மில்டன் 'லிசிடஸ்' கவிதையில் எழுதும் இடத்தில் இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை.

பரிசில் என்றால் ஒகேனக்கல் ஓடம்தானே நினைவுக்கு வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காஸ்டர்ட் என்ற பட்டிக்காட்டான், கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவரிடம் மூன்று ஃபார்திங் சில்லறை வாங்குகிறான். கொடுத்தவர் அதற்குச் சொல்லும் பெயர் ரெம்யூனரேஷன், அதாவது ஊதியம். இன்னொருவர் ஒரு ஷில்லிங் தருகிறார். அதன் பெயர் கெர்டன். அன்று ஷில்லிங்குக்கு 12 பென்னி, பென்னிக்கு 4 ஃபார்திங். பதினொன்றேகால் பென்னி உசத்தி என்று துள்ளுகிறான். இரண்டு சொல்லும் அவனுக்குப் புரியவில்லை, காசின் பெயர் என்றே நினைக்கிறான். அங்கே வெகுமதி என்று போட்டால் அவனுக்கும் புரிந்துவிடும், காட்சியின் நகைச்சுவை போய்விடும். ஊதியம், பரிசில் என்று போட்டால் நிற்கும். ஓடத்தோடு குழம்பினால் அந்த இடத்துக்கு இன்னும் நல்லது.

எதிர்க்கொடையைச் சொற்பிறப்பு விளக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கூலி, பரிசு என்று பொருள்படும் மீட் (meed) என்ற இன்னொரு ஆங்கிலப் பழஞ்சொல்லையும் சிலர் இதோடு சேர்க்கிறார்கள். அதைப் பிரித்துவிடுங்கள். வாடகையைக் குறிக்கும் ஜெர்மன் மீட்டெ அதன் உறவு. 'பியர்ஸ் ப்ளவ்மன்' என்ற 14ஆம் நூற்றாண்டுக் கவிதையில் மீட் சீமாட்டி லஞ்சத்துக்கும் உருவமாக வருகிறாள். அதற்குக் கூலி என்று போடலாம். பரிசிலை அதற்குக் கொடுக்க வேண்டாம்.