புதுப்பிப்பு: முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மகப்பேறு விடுப்பு கிடைத்தது

மகப்பேறு விடுப்பு பணியாளர்களுக்கு மட்டுமே, ஆய்வாளர்களுக்கு இல்லை என்று எங்கள் பல்கலைக்கழக அலுவலகம் மறுத்ததைப் பற்றிச் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி, விடுப்பு கிடைத்துவிட்டது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளை இணைத்து, நெறியாளர் வழியாக எழுத்து மூலம் விண்ணப்பிக்கச் சொன்ன யோசனையே பலனளித்தது. படிப்புக் காலம் முழுவதற்குமாகப் பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாட்கள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அளிக்கலாம் என்று அதில் உள்ளது. நான் எதிர்பாராதது, 'அளிக்கலாம்' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு, அது கட்டாயமில்லை என்று அலுவலகம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியதுதான். பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வு விதிகளிலும் அதே பிரிவு ஏற்கப்பட்டிருப்பதைத் தேடி எடுத்துக் காட்டிய பிறகே பதிவாளர் கையெழுத்திட்டார். இனி விண்ணப்பிப்பவர்கள் அந்த விதிநூலை முதலிலேயே இணைத்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் அளிக்க வேண்டிய முன்னேற்ற உரையை, விடுப்பு முடிந்து திரும்பியதும் அளிக்கலாம் என்று குழு எழுத்தில் தந்துள்ளது. இதை வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். முனைவர் பட்டத்தை முடிப்பதற்கான ஆறாண்டு உச்சவரம்புக்கு மேல் மறுபதிவின் வழியாகக் கிடைக்கக்கூடிய இரண்டு ஆண்டுகளும், பெண்களுக்கு அதற்கும் மேல் உள்ள இரண்டு ஆண்டுத் தளர்வும் இந்த விடுப்பிலிருந்து வேறானவை; விடுப்பையும் கால நீட்டிப்பையும் ஒரே கடிதத்தில் கேட்டு நான் குழப்பிக்கொண்டதில் இரண்டு வாரங்கள் வீணாயின.