வீட்டிலிருந்தே வளாகம் போய் வந்தவர்கள்: இன்னும் மனத்தை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு பற்றி முன்னாள் மாணவர் மூவரின் பதிவுகள்

மூதூர் முதல் பஸ்:
கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமான கோணேசபுரி வளாகத்துக்கு நான் படிப்பு முடியும்வரை மூதூரிலிருந்தே போய் வந்தேன். விடியற்காலை பஸ், கங்கைப் பாலம், கிண்ணியாப் பாலம், சீனன்குடா, பிறகு நகர பஸ் நிலையத்தில் இறங்கி நிலாவெளி பஸ்ஸுக்கு ஓடுவது, இவற்றையெல்லாம் இங்கே விளக்கத் தேவையில்லை. கடைசி விரிவுரை நடந்த நாளில், மாலை பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்று வாயிலுக்கு விரைந்தபோது, என்னோடு ஒரே ஆண்டில் சேர்ந்த எங்கள் அணியினர் பெயர்ப்பலகைக்கு முன்னால் வரிசையாக நின்றிருந்தார்கள். விடுதியில் தங்கிப் படித்த சிங்கள மாணவி ஒருவர் கைப்பேசியை என்னிடம் நீட்டி, இங்கு வந்து பழகிய தமிழில், "அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தர ஏலுமா?" என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளாக அவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். நானும் இதே அணிதான் என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் படத்தில் என் பெருவிரல் விழுந்துவிட்டதால் இன்னொன்று எடுக்கச் சொன்னார்கள். எல்லோரும் அடங்கும்படி இரண்டடி பின்னால் நகர்ந்து அதையும் எடுத்துக் கொடுத்தேன். பஸ் போய்விட்டிருந்தது.

கிண்ணியாக் கரை:
மூதூர்த் தங்கைக்கு மனவருத்தம் இருப்பது புரிகிறது. ஆனாலும் பாலத்தின் மேல் பஸ்ஸில் போனவர்கள் தூரத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சிறிது சிரிப்பு வருகிறது. 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் எங்களுக்கு இருந்தது பாதை, அதாவது ஆட்களை ஏற்றிக் கரை கடத்தும் மிதவை. 2001 இல் இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் அமைந்ததால், மட்டக்களப்புப் பக்கம் தலைமை வளாகம் இருக்கும் வந்தாறுமூலைக்குப் போய்த் தங்காமல் பிள்ளை வீட்டுச் சோற்றோடு படிப்பான் என்று உம்மா மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியில் பாதையின் நெரிசலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

2008 இல் ஒரு மழைநாள், காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை. நானும் என் வகுப்புத் தோழனும் கரையில் ஒரே குடைக்குள் நின்றோம். பாதை நிறைந்து, இன்னும் ஒருவர் ஏறலாம் என்று கை காட்டினார்கள். நான் ஏறினேன். அவனைப் பார்த்து "நீ ஏறு" என்று நான் சொல்லவில்லை. அவனும் என்னிடம் சொல்லவில்லை. குடை அவனுடையது. மண்டபத்தில் வரவுத் தாளில் கையொப்பமிடும்போது என் தலையிலிருந்து சொட்டிய நீரில் சுட்டெண் கலங்கியது, அது மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது. சோதனைச் சாவடிகளையும் தாண்டி அவன் வந்து சேர்ந்தபோது, உள்ளே விடும் நேரம் கடந்துவிட்டது. மறு ஆண்டு கனிட்ட மாணவர்களோடு அமர்ந்து அந்தப் பாடத்தை எழுதினான். இப்போதும் கடைத்தெருவில் சந்தித்தால் இருவரும் தேநீர் குடிக்கிறோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம். அந்தக் காலையைப் பற்றிப் பேசியதில்லை.

உப்புவெளி வாசி:
கிண்ணியா நானா சொல்வதை முழுமையாக ஏற்க முடியவில்லை. பாலம் தூரத்தைக் குறைத்தது உண்மை, ஆனால் பகலில் மட்டும் மாணவராக இருப்பவருக்கு மாலையில் நடக்கும் வளாகம் கிடைப்பதில்லை. இன்னார் யார் என்பதை எல்லோரும் அறிவது இரவுச் சாப்பாட்டு வரிசையில்தான். என் வீடு மூன்றாம் கட்டையில், அதாவது மூன்றாம் மைல்கல்லடியில். அவ்வளவு கிட்ட இருந்தும், ஒரு விரிவுரையாளர் என்னை வெளியூர் விருந்தினர் என்று நினைத்து நாற்காலி போட்ட கதை உண்டு, அது இருக்கட்டும்.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குச் சில விடயங்களைச் சொல்லி வைக்கிறேன். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பருவச்சீட்டை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள், பிந்தினால் அந்த மாதம் முழுவதும் கைக்காசுதான் போகும். தனியார் பஸ்ஸில் அதைக் காட்டிப் பயனில்லை. பஸ்ஸில் இடப்பக்கமே அமருங்கள், ஏனெனில் காலையில் வடக்கே போகும்போது வெயில் வலப்பக்கம் கடல் மேலிருந்து அடிக்கும், மாலையில் திரும்பும்போதும் வலப்பக்கமே அடிக்கும். மார்கழி மழைக்கு உலர்ந்த சட்டை ஒன்றைப் பையில் வைத்திருங்கள், குறிப்புகளைப் பொலித்தீன் பையில் இட்டுக் கட்டுங்கள். முக்கியமாக, வாரத்தில் ஒருநாளாவது ஒரு பஸ்ஸைப் போகவிட்டுச் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்திருங்கள். மூதூர்த் தங்கையும் அவ்வாறு செய்திருக்கலாம்.

மூதூர் முதல் பஸ்:
உப்புவெளி அண்ணாவுக்கு: ஒரு பஸ்ஸைப் போகவிட்டால் மூதூருக்கு இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்வேன் என்பதையும், வாப்பா சந்தியில் வந்து நிற்பார் என்பதையும் மறந்து எழுதியிருக்கிறீர்கள். நான் வழி கேட்டு எழுதவில்லை. எங்கள் அணியின் வாட்சப் குழுவுக்கு முகப்பாக இன்றும் அந்தப் படத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டாவதாக எடுத்ததை அல்ல. எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பது முதலாவதில் என்பதால் அதையே தெரிவு செய்திருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் இடது ஓரத்தில் என் பெருவிரல் தெரியும்.