இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஓர் ஆவணம்: சொல்லுங்கள்

#1

உலக வரலாறும் சர்வதேச உறவுகளும் படிப்பவர்களுக்கு, பாடம் நடத்துபவர்களுக்கு. கோட்பாடு வேண்டாம், சிலபஸ் வேண்டாம். ஒரே ஓர் ஆவணம், அதில் ஒரே ஓர் இடம். மூடிவைத்த பிறகும் விடாமல் குடைகிறதே, அது மட்டும்.

என் பங்குக்கு ஐ.நா. தீர்மானம் 242, 1967 போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேல் வெளியேறுவது பற்றியது. 1967 நவம்பர் 22, பாதுகாப்புச் சபை, 15 உறுப்பினர்களும் ஒருமனதாக. தகராறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆங்கிலப் பிரதியில் ‘டெரிட்டரீஸ்’ (பகுதிகள்) என்ற சொல்லுக்கு முன்னால் ‘த’ (the) இல்லை. பிரெஞ்சில் ‘தே தெரித்துவார்’ என்று இருப்பதால் ‘அந்தப் பகுதிகள்’ என்று முழுமையாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

உறுத்துவது அதுவல்ல, தமிழில் குறிப்பெடுக்கும்போது நடப்பது. ‘மோதலில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் வெளியேறுதல்’ என்று எழுதுகிறோம். தமிழில் ‘த’ போன்ற சொல் தேவையே இல்லாததால் சண்டை இருந்த இடமே தெரியாமல் போய்விடுகிறது. தெளிவாக இருக்கட்டும் என்று ‘சில பகுதிகளிலிருந்து’ என்று போட்டால் அது இஸ்ரேல் தரப்பின் வாசிப்பு. ‘எல்லாப் பகுதிகளிலிருந்தும்’ என்றால் அரபு நாடுகளின் வாசிப்பு. ‘சில’வும் ‘எல்லா’வும் ஆங்கில மூலத்தில் கிடையாது. தேர்வுத்தாளில் இரண்டில் ஒன்று தவறாமல் இருக்கும்.

இந்த வாசகத்தை மட்டுமாவது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அப்படியே மேற்கோளாக வையுங்கள். பக்கத்திலேயே அன்றைய கூட்டத்தின் சொல்லுக்குச் சொல் பதிவையும் வையுங்கள். ஆவணக் குறி எஸ்/பிவி.1382. முழு வெளியேற்றம் என்றே தாங்கள் புரிந்துகொள்வதாக இந்தியப் பிரதிநிதி அதில் பதிவு செய்கிறார். வரைவைக் கொண்டுவந்த பிரிட்டனின் கேரடன் பிரபு, அவரவர் புரிதல் அவரவருடையது, தீர்மானத்தின் வாசகம் மட்டுமே கட்டுப்படுத்தும் என்ற நிலையிலேயே நிற்கிறார். அந்த இரண்டு பேச்சையும் படிக்காமல் 242 பற்றி எழுதக் கூடாது.

#2

தேதி.

முதல் உலகப் போருக்கு இட்டுச்சென்ற 1914 ஜூலை நெருக்கடி. ரஷ்யாவின் பொதுப் படைதிரட்டலுக்கு ஜார் ஒப்புதல் கொடுத்தது ரஷ்யக் கணக்கில் ஜூலை 17. அதை அப்படியே காலவரிசையில் ஏற்றிப் பாருங்கள். செர்பியாவுக்கு ஆஸ்திரியா இறுதி எச்சரிக்கை கொடுத்தது ஜூலை 23. ஆக, எச்சரிக்கைக்கு ஆறு நாள் முன்பே ரஷ்யா முழுப் படையையும் திரட்டிவிட்டது என்றாகிறது. போருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியே தலைகீழாகிவிடும்.

ரஷ்யா அப்போது ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 13 நாள் கூட்ட வேண்டும், எனவே ஜூலை 17 என்றால் ஜூலை 30. 19ஆம் நூற்றாண்டுக்கு 12 நாள், 18ஆம் நூற்றாண்டுக்கு 11. கணக்கு மாறும் இடம் 1700, 1800, 1900 பிப்ரவரிக் கடைசி; அவை ஜூலியனில் லீப் வருடம், கிரிகோரியனில் இல்லை. செர்பியாவும் அப்போது ஜூலியன்தான். 12/25 என்று சாய்கோடு போட்டிருந்தால் முதல் எண் பழைய கணக்கு. சோவியத் அரசு மாறியபோது 1918 ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14.

மணியையும் விடாதீர்கள். ஜூலை 28-29 இரவில் கைசர் வில்ஹெல்மும் ஜார் நிக்கோலஸும் அனுப்பிய முதல் தந்திகள் வழியிலேயே ஒன்றையொன்று கடந்து போயின. ஒன்று மற்றதற்குப் பதில் அல்ல. அனுப்பிய நேரம், கிடைத்த நேரம் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் குறிக்காவிட்டால் அவை கேள்வியும் பதிலும் மாதிரியே தெரியும்.

#3

முதல் பதிவோடு எனக்கு உடன்பாடில்லை. 242ஐ ஏதோ மொழி விளையாட்டு மாதிரி ஆக்கிவிட்டார். பிரதிகள் முரண்பட்டால் என்ன செய்வது என்பதற்கு விதி இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கை, பிரிவு 33: அதிகாரபூர்வப் பிரதிகள் எல்லாம் சமம். வழக்கமான விளக்க முறைகளால் தீராத வேறுபாடு இருந்தால், ஒப்பந்தத்தின் நோக்கத்தை மனதில் வைத்து, பிரதிகளை மிக நன்றாக இணைக்கும் பொருளை எடுக்க வேண்டும்.

என்னை விடாமல் குடையும் ஆவணம் இதே வகைதான், ஆனால் விளைவு பெரிது. 1889 மே 2, இத்தாலிக்கும் எத்தியோப்பியாவுக்கும் இடையிலான வுச்சாலே ஒப்பந்தம், பிரிவு 17. அம்ஹாரிக் (எத்தியோப்பிய மொழி) பிரதிப்படி, மற்ற நாடுகளோடு பேச எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக் இத்தாலியின் உதவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இத்தாலியப் பிரதிப்படி, இத்தாலி வழியாகவே பேச அவர் சம்மதிக்கிறார். ‘லாம்’ விகுதிக்கும் ‘சம்மதிக்கிறார்’ என்பதற்கும் உள்ள தூரம்தான். அதைக் காட்டித்தான் எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் உள்ள நாடு என்று ஐரோப்பாவுக்கு இத்தாலி அறிவித்தது. மெனலிக் 1893இல் ஒப்பந்தத்தை முறித்தார். 1896 மார்ச் 1, அட்வா போர். இத்தாலியப் படை தோற்றது, அதே ஆண்டு அக்டோபரில் அடிஸ் அபாபாவில் வுச்சாலே ரத்தானது.

போரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறார்கள், பிரிவு 17இன் இரண்டு பிரதிகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரு பத்தி எழுதுவதில்லை.

#4

வெஸ்ட்ஃபாலியா, 1648: ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்த சமாதானம்.

முதல் வாரப் பாடம்: ‘இறையாண்மை பிறந்த ஆண்டு’. அதன் ஒப்பந்தங்களில் ஒன்றான ஆஸ்னாப்ரூக் ஒப்பந்தத்தைத் திறந்தால் வேறு கதை. 1624 ஜனவரி 1ஆம் தேதி தேவாலயச் சொத்தும் வழிபாட்டு உரிமையும் யாரிடம் எப்படி இருந்தனவோ அதுவே அளவுகோல் என்று நிர்ணயிக்கிறது. ஒரு சிற்றரசர் மதம் மாறினால் இனி குடிகளையும் கூடவே மாற்ற முடியாது. தன் எல்லைக்குள் தன் இஷ்டம் என்பதுதான் இறையாண்மை என்றால், இந்த ஒப்பந்தம் அரசர்களின் கையைக் கட்டுகிறது, அவிழ்க்கவில்லை. போதாததற்கு, மீறினால் பிற தரப்புகள் தலையிடலாம் என்ற உத்தரவாதமும் உண்டு.

‘வெஸ்ட்ஃபாலிய முறை’ என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. அது பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர் என்று ஒரு வரி சேருங்கள்.

#5

#3க்கு: பிரிவு 33 ஒப்பந்தங்களுக்கானது. 242 ஒப்பந்தம் அல்ல, பாதுகாப்புச் சபைத் தீர்மானம். அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1980 ஜனவரி 27. பிரிவு 4 அதற்குப் பின்செல்லும் விளைவு இல்லை என்கிறது. தீர்மானங்களை எப்படி வாசிப்பது என்று தேடுபவர்கள் கொசோவோ பற்றிய 2010 ஜூலை 22 சர்வதேச நீதிமன்ற ஆலோசனைக் கருத்தைப் பாருங்கள். வியன்னா விதிகள் வழிகாட்டலாம், ஆனால் தீர்மானம் உருவாகும் விதமே வேறு என்பதால் சபையில் பேசப்பட்டது, மற்ற தீர்மானங்கள், பின்னர் நடந்தது எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும் என்கிறது. ஆக எஸ்/பிவி.1382ஐப் படிக்கச் சொன்ன முதல் பதிவுதான் சரி. வுச்சாலே பற்றிச் சொன்னது அருமை, அதில் மறுப்பில்லை.

#6

788.00/8-1953.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆவணங்களைத் தொகுத்து 1861 முதல் வெளியிடும் வரிசையில், ஈரான் தந்தியொன்றின் மேல் இருக்கும் கோப்பு எண் இது. கடைசிப் பகுதியை ‘1953 ஆகஸ்ட்’ என்று வாசிப்பவர்கள்தான் அதிகம். அப்படி இல்லை. 8 மாதம், 19 நாள், 53 ஆண்டு. 1953 ஆகஸ்ட் 19, ஈரான் பிரதமர் முசாதிக் கவிழ்ந்த அதே நாள். முன்பகுதியில் 7 என்பது அரசியல், 88 ஈரான். அந்தத் துறையின் எண்முறை புரிந்துவிட்டால் எந்த நாள், எந்த நாடு, எந்த விவகாரம் என்று எண்ணே பேசும்.

அந்தத் தொகுதி 1989இல் வந்தது. ஆட்சிக் கவிழ்ப்பில் சிஐஏவுக்கும் பிரிட்டனுக்கும் இருந்த பங்கு அதில் இல்லை. வரலாற்றாளர்கள் கொதித்தார்கள். 1991இல் சட்டமே வந்தது: தொகுப்பு முழுமையாகவும் நம்பகமாகவும் இருக்க வேண்டும், 30 ஆண்டுக்குள் வெளிவர வேண்டும். விடுபட்டதற்கான தொகுதி கடைசியில் 2017இல்தான் வந்தது. நடுவில் 28 வருடம். அந்த இடைவெளியில் 1989 தொகுதியை மட்டும் நம்பி எழுதிய ஆய்வுகள் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

கேட்காமலே சொல்கிறேன், இது தேவைப்படும். அச்சிட்ட தொகுதியைத் திறந்ததும் ஆவணத்தின் முதல் அடிக்குறிப்பைப் படியுங்கள், ஆவணத்தை அப்புறம். மூலம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, யார் வரைந்தார், யார் ஒப்புதல் கொடுத்தார், யாருக்கெல்லாம் நகல் போனது என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும். பிறகு மூன்று புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் எங்கே வருகின்றன என்று பாருங்கள். ‘இத்தனை வரிகள் வெளியிடப்படவில்லை’ என்று இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை வரி விடுபட்டதும் இரண்டு பக்கம் விடுபட்டதும் ஒன்றல்ல.

பிரிட்டிஷ் கோப்பு வேறு மாதிரி. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் எஃப்ஓ 371 (வெளியுறவு அலுவலகம்) வரிசைக் கோப்பில் கடிதத்தைவிட அதை மூடியிருக்கும் உறைத்தாள் முக்கியம். இளநிலை அதிகாரி குறிப்பெழுதி முதலெழுத்துகளைப் போட்டு மேலே அனுப்புவார், மேலே இருப்பவர் வெட்டுவார் அல்லது ஒரு வரி சேர்ப்பார். கொள்கை உருவாவது அந்தத் தாளில். முதலெழுத்துகள் யாருடையவை என்று அந்த ஆண்டின் வெளியுறவு அலுவலகப் பட்டியலில் பார்க்கலாம். அந்த அலுவலக அதிகாரி எய்ர் குரோ ஜெர்மனி பற்றி எழுதிய 1907 ஜனவரி 1 குறிப்பாணையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஏற்கெனவே ஓய்வுபெற்றிருந்த நிரந்தரச் செயலர் சாண்டர்சன் அடுத்த மாதமே அதை மறுத்து எழுதினார். இரண்டும் ஒரே தொகுதியில் அடுத்தடுத்த பின்னிணைப்புகள். ஒன்றை மட்டும் காட்டினால் ஜெர்மனி பற்றி லண்டனில் ஒரே கருத்து இருந்தது போல் ஆகிவிடும்.

எண்ணிக்கைகளையும் நீங்களே எண்ணுங்கள். சோவியத் கொள்கை பற்றி மாஸ்கோவிலிருந்து அமெரிக்க அதிகாரி கென்னன் அனுப்பிய ‘நீண்ட தந்தி’, 1946 பிப்ரவரி 22. அவரே நினைவுக்குறிப்பில் 8,000 சொல் என்கிறார், பாடநூல்களும் அதையே சொல்கின்றன. அச்சிட்ட வாசகத்தை எண்ணினால் 5,000க்குச் சற்று மேல்தான்.

காலனியக் காலம் எழுதுபவர்கள் அதே காப்பகத்தின் எஃப்சிஓ 141 வரிசையைப் பார்த்தீர்களா? 37 முன்னாள் காலனிகளிலிருந்து கொண்டுவந்து மறைத்து வைத்திருந்த ஏறத்தாழ 8,800 கோப்புகள். கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சிக் கால ஒடுக்குமுறை பற்றிய வழக்கில் 2011இல்தான் அவை இருப்பது வெளியே வந்தது. அதற்கு முந்தைய நூலில் ‘ஆவணம் ஏதும் இல்லை’ என்று இருந்தால் அதை முடிவாக எடுக்காதீர்கள்.

#7

மேலே சொன்னது விடுபட்ட பக்கம். இது மாற்றிய பக்கம்.

எய்ட்சிசனின் இந்திய ஒப்பந்தத் தொகுப்பு, 14ஆம் தொகுதி. முகப்பில் அச்சிட்ட ஆண்டு 1929. உள்ளே 1914 சிம்லா ஒப்பந்த வாசகமும், இந்திய-திபெத் எல்லை பற்றி மக்மோகனும் திபெத்தும் பரிமாறிய குறிப்புகளும் இருக்கின்றன. 1929இலேயே பிரிட்டிஷ் இந்தியா எல்லைக் கோட்டை வெளிப்படையாகப் பதிப்பித்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் உண்மையான 1929 பதிப்பில் அந்த வாசகங்கள் இல்லை. 1938இல் புதிதாக அச்சிட்டு, 1929 என்றே போட்டு, பழைய படிகளைத் திரும்பப் பெற்றார்கள். பிரிட்டிஷ் இந்திய அதிகாரி ஓலாஃப் கேரோ இதன் பின்னால் இருந்தார். தப்பிய பழைய படி ஒன்று ஹார்வர்டு நூலகத்தில் இருந்ததால்தான் 1960களில் இரண்டையும் ஒப்பிட முடிந்தது.

இதை வைத்து எல்லைத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது, அது தனி வாதம். இங்கே சொல்வது முகப்பில் உள்ள ஆண்டைப் பற்றி மட்டும். அடிக்குறிப்பில் ‘எய்ட்சிசன், 1929’ என்று எழுதினால் எந்த 1929 என்று தெரியாது. எந்தப் படியைப் பார்த்தீர்கள், எந்த நூலகம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

#8

#6 அரசாங்கத்தை மட்டும் சொல்கிறார். நினைவுக்குறிப்புகளும் அப்படித்தான்.

1962 கியூபா ஏவுகணை நெருக்கடி பற்றி அமெரிக்க அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி எழுதிய ‘தெர்ட்டீன் டேஸ்’ அவர் கொல்லப்பட்ட மறுவருடம், 1969இல் வந்தது. துருக்கியில் இருந்த அமெரிக்காவின் ஜுபிடர் ஏவுகணைகளை அகற்றுவது சோவியத்துடனான பேரத்தில் இல்லை என்ற எண்ணமே அதைப் படித்தால் வரும். 1989இல் மாஸ்கோவில் நடந்த மாநாட்டில், நூலைச் சீர்செய்த, கென்னடியின் உதவியாளர் டெட் சோரன்சன் வாய்திறந்தார்: ராபர்ட்டின் குறிப்பேட்டில் அது பேரத்தின் பகுதி என்று வெளிப்படையாகவே இருந்தது, அப்போது ரகசியம் என்பதால் தானே அதை நீக்கிவிட்டதாக. சோவியத் தூதர் டோப்ரினின் அதே அறையில் இருந்தார். 1962 அக்டோபர் 27 இரவு ராபர்ட் கென்னடி பேசியது அவரிடம்தான்.

உறுதியாக நின்றால் எதிரி பின்வாங்குவான் என்று 20 வருடம் பாடம் எடுத்தது இந்த நூலின் மேல் நின்றுகொண்டு. ஆகவே கியூபா பற்றிய கட்டுரை கையில் வந்தால் முதலில் அது வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். 1989க்கு முந்தையது என்றால் பேரம் பற்றிய பத்தியைத் தனியாகச் சரிபாருங்கள். 1997க்குப் பிந்தையது என்றால், அந்த ஆண்டு நூலாக வந்த வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகளை அது பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். ஜுபிடர் 15, துருக்கியிலிருந்து இறங்கியது 1963 ஏப்ரலில்.