மறு: மறு: ‘தெர்மல் ரன்அவே’க்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

சென்னையிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்துமிடத்துச் சுவரில் ஒட்ட, மின்ஸ்கூட்டர் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கித் தருவதாக ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டேன். மின்னேற்றம், மின்னேற்றி, மின்கலம் எல்லாம் தடையின்றி வந்தன. “ஓட்டிவந்த சூட்டோடு மின்னேற்றாதீர், ஆறவிடுங்கள்”, “வண்டியோடு தந்த மின்னேற்றியை மட்டும் பயன்படுத்துங்கள்”, “வாசலையோ படிக்கட்டையோ மறித்து நிறுத்தி மின்னேற்றாதீர்” என்று எழுதிக்கொண்டே போனவன் ‘தெர்மல் ரன்அவே’யில் நின்றுவிட்டேன். கணினி ‘வெப்ப ஓட்டம்’ என்கிறது. கத்திரி வெயிலில் நடக்கும் ஓட்டப்பந்தயம் போலிருக்கிறது. வெள்ளி இரவு அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

கோவையிலிருந்து:
சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். லித்தியம் அயனிக் கலம் ஒன்று ஏதோ காரணத்தால் அளவு மீறிச் சூடாகிறது. அந்தச் சூடு உள்ளே வேதிவினையைத் தூண்டுகிறது, வினை மேலும் சூட்டைத் தருகிறது. வெளியேறும் வெப்பத்தைவிடப் பிறக்கும் வெப்பம் கூடிவிட்டால் பிறகு யார் கையிலும் இல்லை. இரு மின்முனைகளுக்கும் நடுவே இருக்கும் பாலிஎத்திலீன் படலம் 130 பாகை செல்சியஸ் அளவில் உருகும். முனைகள் தொட்டுக்கொண்டால் குறுக்குச்சுற்று. நிக்கல் சேர்ந்த வகைகளில் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளிவிடுவதால் சாக்கைப் போட்டு மூடினாலும் அணையாது. இரும்பு பாஸ்பேட் வகை இவ்வளவு முரடு இல்லை, ஆனால் அதற்கும் விலக்கு இல்லை. ஆக, ‘தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சூடு’ என்பது சொல்லில் வரவேண்டும். என் பரிந்துரை: தன்னூக்க வெப்பப்பெருக்கம்.

தஞ்சையிலிருந்து:
கோவைத் தம்பியின் விளக்கம் அருமை, சொல் அரசாணை போலிருக்கிறது. தமிழில் ஏற்கெனவே இருப்பதை எடுங்கள்: வெப்பத் தறிகேடு. தறி என்பது யானையைக் கட்டும் தூண். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியை எல்லோரும் அறிவோம். அந்தத் தறியை விட்டுப் போனது தறிகெட்டது. கெடு என்பது கேடு ஆவது முதனிலை திரிந்த தொழிற்பெயர், இலக்கணத்தில் குறையில்லை. ஆங்கிலக்காரன் ‘ஓடிப்போனது’ என்றதோடு நின்றுவிட்டான், நாம் எதிலிருந்து ஓடியது என்றும் சொல்லிவிடுகிறோம். இன்னொன்று, தறித்தல் என்றால் வெட்டுதல். வெட்டி நட்ட மரமே தறி ஆகியிருக்க வேண்டும். நெசவுத்தறியின் கால்களும் நிலத்தில் நட்டவைதானே? இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஈரோட்டிலிருந்து:
ஐயா, தனி மடல் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் ஊரில் ‘தறிகேடு’ என்று சுவரில் ஒட்டினால் விசைத்தறி பழுது பார்க்க ஆள் வந்து நிற்பார். நான் மின்வண்டிகளைப் பழுது பார்ப்பவன். கடைக்கு வருபவர்கள் சொல்வது “பேட்டரி உப்பிவிட்டது”, “சூடு இறங்கவே மாட்டேன் என்கிறது” என்றுதான். அதிலிருந்து ஒரு சொல் எடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பக்கம் பற்றரி என்றே எழுதுகிறோம். பற்றிக்கொள்ளும் பொருளுக்குப் பொருத்தமான பெயர்தான், ஆனால் இந்த விளையாட்டைச் சொற்பிறப்பு என்று யாரும் பதிந்துவிட வேண்டாம். எனக்குள்ள சிக்கல் வேறு. நீங்கள் தனிக் கலத்தையும், பல கலங்கள் சேர்ந்த கல அடுக்கையும் ‘மின்கலம்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறீர்கள். தீங்கு ஒரு கலத்தில் தொடங்கி அடுக்கு முழுவதற்கும் போகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் அதை எப்படி விளக்குவீர்கள்?

மதுரையிலிருந்து:
யாழ்ப்பாணத்து அம்மா சொன்னதில்தான் விடை இருக்கிறது. சினத்துக்கு வள்ளுவர் வைத்த பெயர் சேர்ந்தாரைக்கொல்லி. நெருப்புக்கான காரணப்பெயர் அது. தன்னைச் சேர்ந்தவரை மட்டுமா, இனம் என்னும் தெப்பத்தையே சுடும் என்கிறார். ஒரு கலம் பக்கத்துக் கலத்தைச் சுட, அது அடுத்ததைச் சுட, அடுக்கே போவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மின்வண்டிகளின் பாதுகாப்புக்காக இந்தியாவில் உள்ள ஏஐஎஸ் 156 விதிகளை 2022இல் திருத்தியபோது கலத்துக்குக் கலம் பரவுவதற்கான சோதனையைச் சேர்த்தார்கள். வள்ளுவர் முந்திக்கொண்டார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

ஈரோட்டிலிருந்து:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரவுக் காவலுக்கு வருவதில்லை, ஐயா.

கோவையிலிருந்து:
அதோடு அது பரவலுக்கான பெயர். நமக்கு வேண்டியது முதல் கலத்துக்குள் நடப்பதற்கான பெயர். இரண்டையும் கலக்காதீர்கள்.

தஞ்சையிலிருந்து:
சேர்ந்தாரைக்கொல்லி பூச்சிமருந்து போல ஒலிக்கிறது. தறிகேடு.

சென்னையிலிருந்து:
வியாழன் ஆகிவிட்டது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் மின்னேற்றிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்ததை நினைவில் வைத்துச் சொல்லுங்கள். இந்த அறிவிப்பைப் படிக்கப்போகிறவர் எங்கள் காவலாளி. நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் படிப்பார். படித்ததும் மின்னேற்றியில் கைவைப்பதா, விலகி ஓடுவதா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஈரோட்டிலிருந்து:
அப்படியானால் அடங்காச்சூடு. கடையில் நாள்தோறும் கேட்பது இதைத்தான்: “சூடு அடங்கவில்லை.”

மதுரையிலிருந்து:
அடங்கா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். அடங்காச்சூடு. பழுதில்லை. சேர்ந்தாரைக்கொல்லியைப் பரவலுக்கு ஒதுக்கி வைக்கிறேன், அதை யாரும் தொடக் கூடாது.

கோவையிலிருந்து:
பொருள் பாதிதான் வருகிறது. சுண்ணாம்புக் காளவாயின் சூடும் அடங்காததுதான், ஆனால் அது தன்னைத் தானே வளர்ப்பதில்லை. பாடநூல் என்றால் விடமாட்டேன். சுவருக்குச் சரி.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சரி என்கிறேன், களைப்பினால். ‘கல அடுக்கு’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சென்னையிலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. அச்சுக்குப் போனது இது: “கல அடுக்கு உப்பியிருந்தாலோ, சீறும் ஒலி கேட்டாலோ, இனிப்பு கலந்த ரசாயன நெடி வந்தாலோ அடங்காச்சூடு தொடங்கியிருக்கலாம். வண்டியைத் தொடாதீர், கிட்டே போகாதீர். தொலைவில் உள்ள மெயின் சுவிட்சை அணைக்க முடிந்தால் அணையுங்கள். எல்லோரையும் வெளியேற்றி, 101ஐ அழையுங்கள். தீ அடங்கியது போலத் தெரிந்தாலும் மீண்டும் பற்றும்.” காவலாளியிடம் படித்துக் காட்டினேன். “அடங்காச்சூடு என்றால் காய்ச்சலா?” என்று கேட்டார். மீதி வரிகளைக் கேட்டதும் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றார். அவருக்கு இதுவரை யாரும் அதைக் காட்டியதே இல்லை. இன்று காட்டிவிட்டேன்.

தஞ்சையிலிருந்து:
காய்ச்சலா என்று கேட்டாரல்லவா? வெப்பு என்றாலே காய்ச்சல்தான், பாண்டியனுக்கு வந்தது வெப்புநோய். உங்கள் சொல்லில் உள்ள குறையைக் காவலாளி ஒரே கேள்வியில் காட்டிவிட்டார், நீங்கள்தான் கவனிக்கவில்லை. தறிகேடு என்றால் காய்ச்சலா என்று கேட்டிருக்க மாட்டார். தறி பற்றிய மடல் ஆயத்தம், நாளைக் காலை அனுப்புகிறேன்.