புற்றுநோயாளிகளுக்குத் துணைநிற்க மாணவர்களுக்கு எதை முதலில் கற்பிப்பது?

காரைக்குடி ஆசிரியை கேட்டது:

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில் நாட்டுநலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அதில் பெரும்பகுதி ஊர்வலத்திலும் பதாகை பிடிப்பதிலும் கழிந்துவிடுகிறதே என்ற மனக்குறையால், இந்த ஆண்டு 20 மாணவர்களைத் தேர்ந்து, சுற்றுவட்டார ஊர்களில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களின் வீடுகளுக்குக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு அனுப்பத் தொடங்கினேன்.

முதல் வாரத்திலேயே தவறு நேர்ந்துவிட்டது. ஒரு வீட்டில் அப்பத்தாவிடம் ‘வயிற்றுப் புண்’ என்று மட்டுமே சொல்லி வைத்திருந்தார்கள். அதை அறியாத மாணவி ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ‘கேன்சரிலிருந்து மீண்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நீங்களும் மீண்டு வருவீர்கள்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டாள். அப்பத்தா அன்று இரவு சாப்பிடவில்லை என்று மகன் தொலைபேசியில் சொன்னபோது எனக்குப் பேச்சு எழவில்லை. அந்த மாணவி இனிப் போகமாட்டேன் என்கிறாள். ஆயத்தமில்லாமல் அனுப்பியது என் குற்றம். இவர்கள் மருத்துவ மாணவர்கள் அல்லர். தமிழும் வணிகவியலும் கணிதமும் படிப்பவர்கள். இவர்களுக்கு எதை, எந்த வரிசையில் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

தேவகோட்டை செவிலியர் எழுதியது:

வணக்கம் அம்மா. சொந்த ஊர் தேவகோட்டை. மதுரையில் வலிதணிப்புப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் மாணவிக்கு நேர்ந்தது புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கும் நேர்வதுதான் என்று அவளிடம் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் பாதி வீடுகளில் நோயின் பெயர் நோயாளியிடம் மறைக்கப்பட்டிருக்கும். ஆகவே முதல் பாடம், வாசற்படி ஏறுமுன் குடும்பத்தாரிடம் ‘அவருக்கு என்னவென்று சொல்லியிருக்கிறீர்கள்?’ என்று கேட்டுக்கொள்வது. அடுத்தது இன்னும் கடினமானது. என்றாவது ஒரு நாள், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், நோயாளியே மாணவரிடம் ‘எனக்கு உண்மையில் என்னப்பா?’ என்று கேட்பார். அப்போது பொய் சொல்லக்கூடாது. பெயரையும் போட்டு உடைக்கக்கூடாது. ‘உங்களுக்கு என்ன தோன்றுகிறது? டாக்டர் என்ன சொன்னார்?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அவர் சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்; பிள்ளைகள் மனம் வருந்துவார்களே என்று அவர்களும் மறைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் இப்படிக் கேட்டார் என்பதை, அவரிடமே சொல்லிவிட்டு, மருத்துவரிடமோ எங்களைப் போன்றவர்களிடமோ சேர்ப்பதோடு மாணவரின் பணி முடிந்தது. இதை வகுப்பில் இருவர் இருவராக நடித்துப் பார்க்க வையுங்கள். விரிவுரையால் இது வராது.

மருத்துவச் செய்திகளில் இரண்டு போதும். கீமோ எனும் புற்றுநோய் மருந்தை ஏற்றியபின், பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே அவசரம். மாத்திரை போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக்கூடாது. சளி, இருமல் உள்ள மாணவர் அந்த வாரம் அந்த வீட்டுக்குப் போகவே கூடாது. இன்னொன்று மார்ஃபின். அந்தப் பெயரைக் கேட்டதும் ‘அடிமையாகிவிடுவார், கடைசி மருந்து’ என்று உறவினர் அஞ்சி மாத்திரையை ஒளித்துவைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வலிக்காக மருத்துவர் அளவிட்டுக் கொடுக்கும் மார்ஃபின், வலி வரும்வரை காத்திராமல் கடிகாரம் பார்த்து எடுக்க வேண்டிய மருந்து. மாணவர்கள் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. அந்த அச்சத்தை மேலும் ஊதிவிடாமல் இருந்தால் போதும்.

சாதாரண மக்களால் இது முடியுமா என்று உங்கள் நிர்வாகம் கேட்டால் கோழிக்கோட்டைச் சொல்லுங்கள். அங்கே 1993-இல் மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய வலிதணிப்புப் பணி, பின்னர் அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் தோள்களில்தான் கேரளமெங்கும் பரவியது. அவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை, ஆறு கீமோ, அதன்பின் கரண்ட் வைப்பது என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு என எல்லாவற்றையும் கடந்து வந்தவள் நான். ஆகவே படுக்கையில் கிடந்த பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் முகப்பில் செருப்பைக் கழற்றும்போதே கேதம் கேட்க வந்தவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்கள். வளவில் உட்கார்ந்து, எனக்குக் காது கேட்காது என்பது போல, ‘போன வருடம் இதே நோயில்தான் அவர் போனார்’ என்று என் மருமகளிடம் பேசினார்கள். பாசத்தோடு தூக்குச்சட்டி நிறையக் கோழிக்குழம்பு கொண்டுவந்தார்கள். வாயெல்லாம் புண்ணாகி, ஆறிய கஞ்சியும் மோரும் தவிர ஒரு மிளகின் காரம்கூடத் தாங்காத நாட்கள் அவை. தாளிக்கும் வாசனை வந்தாலே குமட்டும். நம் ஊர்ச் சமையலைப் பெருமையாக நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதே பெரும்பாடு.

எனக்கு உண்மையில் உதவியவள் பக்கத்து வீதியில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண். செவ்வாய்க்கிழமை மாலை என்றால் செவ்வாய்க்கிழமை மாலை வந்துவிடுவாள். நாளிதழ் வாசிப்பாள், அடுத்த முறை டாக்டரிடம் நான் கேட்க நினைத்தவற்றை ஒரு நோட்டில் எழுதித் தருவாள், ஏனென்றால் அங்கே போனதும் எனக்கு எல்லாம் மறந்துவிடும். தலைமுடி கொட்டியிருந்ததை அவள் பார்க்காதது போலவும் இருக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கவும் இல்லை. நான் பேசாத நாட்களில் அவளும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். உங்கள் மாணவர்கள் வாரம் ஒரு நாள் என்று சொன்னால் அந்த நாளில் தவறாமல் வரவேண்டும். அந்த நாளுக்காகக் காத்திருப்போம், அம்மா. வரமுடியாவிட்டால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

அந்த மாணவியை அப்பத்தா வீட்டுக்கு மீண்டும் ஒருமுறை நீங்களே அழைத்துப் போங்கள்.

பல்லவனில் வருபவன் எழுதியது:

அம்மாவின் சிகிச்சைக்காகக் காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் சென்னைக்கு ஓராண்டு அலைந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனத்தைப் போன்ற இடங்களுக்கு நம் ஊர்களிலிருந்து போகிறவர்களுக்கு நோயைவிடத் தாள்கள்தான் முதலில் மலைப்பைத் தருகின்றன. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு; அதற்கு வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வேண்டும். சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. உரிய படிவத்தில் மருத்துவமனைச் சான்று வாங்கி முன்பதிவு மையத்தில் காட்ட வேண்டும். இது எனக்கு நான்காவது பயணத்தில்தான் தெரிந்தது. வணிகவியல் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பணி இல்லை.

காரைக்குடி ஆசிரியை மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நடித்துப் பழகும் வகுப்பை வரும் சனிக்கிழமை வைக்கிறேன். ஞாயிறன்று மாணவியோடு அப்பத்தாவைப் பார்க்கப் போகிறேன். அவர் மகன் சம்மதித்துவிட்டார். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மாணவர்கள் பழகிய நோயாளி இறந்துவிட்டால் அவர்களை அந்த வீட்டுக்கு அனுப்பலாமா?

தேவகோட்டை செவிலியர் எழுதியது:

அனுப்புங்கள் அம்மா. கேதத்துக்கு ஊர் வழக்கப்படி போகட்டும், நீங்களும் உடன் போங்கள். அதன்பின் அதே வாரத்தில் ஒரு மாலை அந்த மாணவர்களோடு மட்டும் உட்காருங்கள். இறந்தவரைப் பற்றி நினைவில் உள்ளதை அவர்கள் சொல்லட்டும். இன்னொரு வீட்டுக்கு உடனே அனுப்ப வேண்டாம். ஒரு மாதம் கழித்து, அவர்களே கேட்டால் அனுப்புங்கள்.