ஆறு கோழிக்குக் கூண்டு: தகரமா, கீற்றா, செங்கலா?

புதுக்கொல்லை:

வீட்டுக்குப் பின்னால் மதிலை ஒட்டி 12 அடி நீளம், 8 அடி அகலத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. 6 முட்டைக்கோழி வளர்க்கலாம் என்று வீட்டில் ஒருமனதாக முடிவு செய்துவிட்டார்கள். (சுத்தம் செய்யப் போவது நான்தான் என்பதும் அதே கூட்டத்தில் முடிவானது.)

இணையத்தில் பார்த்த கூண்டுகள் எல்லாம் பலகைச் சுவர், ஒரு ஜன்னல், மேலே தகரம் என்று குட்டி வீடு மாதிரி அழகாக இருக்கின்றன. ஆனால் எங்கள் பக்கம் கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணம். மத்தியானத்துக்கு மேல் மேற்கு வெயில் நேராக அங்கேதான் விழும். பலகைக்குப் பதில் செங்கல் வைத்தால் குளுமையாக இருக்குமா? கூரைக்குத் தகரமா, கீற்றா? ஃபேன் மாட்ட வேண்டி வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வெல்டிங்பட்டறை:

தம்பி, அந்தக் குட்டி வீட்டை முதலில் மறந்துவிடுங்கள். அது குளிருக்குக் கட்டுகிற கூண்டு. கோழியின் சூடு வெளியே போய்விடக் கூடாதென்று சுவர் வைக்கிறார்கள். நமக்கு அந்தச் சூடு எப்படியாவது வெளியே போனால் போதும்.

கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச்சூடே 41 டிகிரிக்கு மேல். வெளியிலும் 40 என்றால் வாயைத் திறந்து இரைத்து, மூச்சில் ஈரத்தை விட்டுத்தான் தணித்துக்கொள்ள வேண்டும். நாலு பக்கமும் அடைத்த கூண்டுக்குள் 6 கோழி அப்படி இரைத்தால் உள்ளே இருக்கிற காற்றே புழுங்கிவிடும், அப்புறம் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது.

செங்கல் வேண்டவே வேண்டாம். பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குக் கக்கும். கோழி உள்ளே அடைந்து கிடக்கிற நேரமே அதுதான். பகலில் வாடிய கோழி ராத்திரி குளிர்ச்சியில்தான் தேறும், அதைப் போய்க் கெடுக்கலாமா?

நான் இரும்பு வேலை செய்கிறவன். கேட், கிரில்லுக்கு நடுவே கோழிக்கூண்டும் செய்து கொடுக்கிறேன், வீட்டிலும் கோழி உண்டு. யார் கேட்டாலும் நான் போட்டுக் கொடுப்பது இதுதான்: ஒரு இஞ்ச் சதுரக் குழாயில் சட்டம், சுற்றிலும் வலை, மேலே அகலமான கூரை. உங்கள் இடத்துக்கு 6-க்கு 4 அடி கூண்டு போதும். கோழிக்கு 4 சதுர அடி வருகிறது. மிச்ச இடத்தை மேய வலை கட்டி விடுங்கள், தலைக்கு 10 சதுர அடிக்குக் குறையாது.

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குட்டைப் பக்கத்தில்தான் படும். மேற்குப் பக்கம் மட்டும் மூங்கில் தட்டியோ பழைய பலகையோ வைத்து அடையுங்கள், அதிலும் மேலே ஒரு அடி திறந்திருக்க வேண்டும். மதிலோடு ஒட்டிக் கட்டாதீர்கள். ஆள் நுழைகிற அளவு சந்து விட்டால் காற்றும் போகும், நீங்களும் பின்னால் போய்க் கூட்டலாம்.

கூண்டின் தரையை மண்ணிலிருந்து 2 அடி தூக்கி வையுங்கள். கீழே விழுகிற நிழலில் மண் குளிர்ந்தே இருக்கும். உச்சி வெயிலில் உங்கள் கோழிகளைத் தேடினால் அங்கேதான் குழி பறித்து, மண்ணை இறக்கைக்குள் வாரிப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்.

பனைமரத்தடி:

கூரைக்குக் கீற்றுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தகரத்துக்குக் கீழே மத்தியானம் நாமே நிற்க முடியாது, பாவம் கோழி. நான் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றி வேய்கிறேன். ஃபேன், தண்ணீரைப் பனிப்புகையாக அடிக்கிற மெஷின் என்று எதுவும் கிடையாது.

வெல்டிங்பட்டறை:

அக்கா சொல்வது குளுமைக்குச் சரி. ஆனால் கீற்றுக்குள் எலி குடிவந்துவிடும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும். செல் பூச்சிக்கும் அது வசதியான வீடு. பகலில் இடுக்கில் ஒளிந்திருந்துவிட்டு ராத்திரி இறங்கிக் கோழியின் ரத்தத்தைக் குடித்துவிட்டுப் போகும். கோழி வெளிறிப் போய் முட்டை குறைந்த பிறகுதான் நமக்கே தெரியவரும்.

நான் இரண்டையும் சேர்த்துப் போடுவேன். உள்ளே தகரம், அதற்கு மேல் அரை அடி இடைவெளி விட்டுத் தனிச் சட்டத்தில் கீற்று. வெயிலைக் கீற்று வாங்கிக்கொள்ளும், நடுவே காற்று ஓடும், எலி தகரத்தைத் தாண்டி உள்ளே வராது. கீற்று கிடைக்காத இடத்தில் நிழல்வலை கட்டலாம். ஆனால் வலையைத் தகரத்தின் மேல் போர்த்தாமல் தூக்கிக் கட்டுங்கள். போர்த்தினால் வலையும் காய்ந்து தகரமும் காயும். குறைந்த பட்சம் தகரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடித்துவிடுங்கள், வித்தியாசம் கையை வைத்தாலே தெரியும்.

கூரையை உயரமாகப் போடுங்கள். நடுவில் 6 அடியாவது வேண்டும். தாழ்ந்த தகரம் கோழியின் முதுகைச் சுடும். கூரை சுற்றிலும் 2 அடி வெளியே நீண்டிருந்தால் மழைச் சாரலும் உள்ளே அடிக்காது.

அடைகாக்கும்அம்மா:

வலையைப் பற்றி யாரும் பேசவில்லையே. கடையில் கோழிவலை என்று கொடுக்கிற அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும். நாய் இழுத்தால் பிய்ந்துவிடும், கீரி நுழைந்துவிடும். அரை இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த வலைதான் கேட்டு வாங்க வேண்டும். சுவரே இல்லாமல் கட்டும்போது ராத்திரிக்கு இருக்கிற ஒரே காவல் அந்த வலைதான். கீழே தோண்டிக்கொண்டு வராமல் இருக்க, வலையை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கி மண்ணோடு படுக்க வைத்து மேலே கல் அடுக்குங்கள். ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கிற வேலை மிச்சம்.

முட்டைப் பெட்டி இரண்டு போதும், ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு ஒரு அடி. மேற்குப் பக்கம் மாட்டிவிடாதீர்கள். முட்டையிட உட்கார்ந்த கோழி எவ்வளவு வெந்தாலும் சட்டென்று எழுந்து வராது. பெட்டியின் பின்பலகையில் நாலைந்து ஓட்டை போட்டால் காற்று வரும்.

கோடையில் முட்டை ஓடு மெலிசானால் பயப்பட வேண்டாம். இரைக்கும்போது ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு அதிகமாக வெளியே போய்விடுகிறது, ஓடு செய்ய அது வேண்டும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், ஆனால் அது மட்டும் தீர்வு ஆகாது. நிழலும் தண்ணீரும் சரியானால்தான் ஓடும் சரியாகும்.

புதுக்கொல்லை:

அருமை, எல்லோருக்கும் நன்றி. செங்கல் யோசனையைத் தூக்கிப் போட்டாச்சு. இன்னும் சில சந்தேகங்கள். ஃபேன் வேண்டுமா என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. தண்ணீருக்கு நிப்பிள் பைப் (கோழி கொத்தினால் சொட்டு விடுகிற குழாய்) நல்லது என்கிறார்களே? அப்புறம் கீழே உமி எவ்வளவு கனத்துக்குப் போடுவது?

பனைமரத்தடி:

தண்ணீருக்கு மண்சட்டிதான். அதுவே குளிர வைத்துக் கொடுக்கும். நிழலில் இரண்டு இடத்தில் வையுங்கள், இல்லையென்றால் கூட்டத்தில் பெரியது குட்டியை விரட்டிவிட்டு ஒற்றையாகக் காவல் காக்கும். நிப்பிள் பைப்பில் வெயில் பட்டால் உள்ளே தண்ணீர் கொதிக்கும், சுடுதண்ணீரைக் கோழி தொடாது. தீனியை விடிகாலையும் சாயங்காலமும் மட்டும் போடுங்கள். தின்றது செரிக்கும்போதும் உடம்பு சூடாகும், அது மத்தியானத்தில் வந்து விழக் கூடாது.

வெல்டிங்பட்டறை:

ஃபேன் கடைசி வழி. வலைக்கூண்டில் காற்று நின்றுபோகிற நாளுக்கு மட்டும் ஒன்று மாட்டலாம், வயரைக் கோழி கொத்தாத உயரத்தில் கொண்டுபோங்கள். பனிப்புகை வறண்ட வெயிலுக்குத்தான் சரி. புழுக்கமான ஊரில் அதைப் போட்டால் காற்றில் ஈரம் ஏறி இரைப்பு இன்னும் மோசமாகும். இந்த ஒரு விஷயத்தில் ஊருக்கு ஊர் பதில் மாறும்.

உமி 2 இஞ்ச் போதும். குளிர்ப் பக்கத்தில் அடி உயரத்துக்கு நிரப்புவார்கள், அது அடியில் மக்கிச் சூடு கொடுக்கும். நமக்கு எதற்கு அந்த அடுப்பு? மெலிசாகப் போட்டு அடிக்கடி வாரி எடுங்கள். குனிந்து முகர்ந்தால் கண் எரிகிறதா என்று பாருங்கள், எரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். கோழியின் மூக்கு அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

அடைவதற்குக் குறுக்குக் கொம்பு இரண்டாகப் போடுங்கள். ஒரே கொம்பில் 6 கோழிக்கு நாலரை அடி போதும் என்பது கணக்கு. ஆனால் வெக்கையில் அவை ஒன்றை ஒன்று ஒட்டி உட்காராது, தள்ளித் தள்ளி உட்காரும். கொம்பு இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், மேல் கொம்புக்குச் சண்டை வராது.

அடைகாக்கும்அம்மா:

இறக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்பது சாதாரணம். அதே கோழி கண் மூடித் தலை தொங்கி நின்றால் தாமதிக்காமல் தூக்கிக் காலையும் வயிற்றையும் குளிர்ந்த தண்ணீரில் இறக்குங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

வெல்டிங்பட்டறை:

கதவை மறந்தாச்சு. இரண்டரை அடி அகலம் வையுங்கள், கூடையும் மண்வெட்டியும் நுழையணும். வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டுங்கள், உள்ளே தள்ளினால் உமி தடுக்கும். தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே தாழ் இல்லாத கதவை நாய் மூலையில் மூக்கை விட்டு நெம்பிவிடும்.